பீப்பாய்க்காரன் சந்து யானை

சத்தியம் தம்பி! உரக்கவே சொல்கிறேன், நாலு பேர் காதில் விழட்டும். நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் இந்த இடத்திலேயே என் நாக்கு அழுகி விழட்டும். மிச்சமிருக்கிற பல்லும் கொட்டட்டும். கற்பூரம் கொண்டு வா, கையால் அடித்து அணைக்கிறேன். என்ன சிரிக்கிறாய்? இந்தச் சந்துக்காரர்கள் சிரிப்பார்கள், இந்தத் துளசிங்கம் சத்தியம் பண்ணினால் சிரிப்பது அவர்களுக்கு ஒரு வழக்கம். நீ வெளியூர்க்காரன், உனக்கென்ன சிரிப்பு?

உட்கார். அந்த பெஞ்சில் வேண்டாம், அது ஆடும். இப்படி வா. கழுத்தில் காமிரா, கையில் இட்லித் தட்டு. யானைக் கோயிலைப் படம் எடுக்கத்தானே வந்தாய்? எடுத்தாயிற்றா? மாலை, மஞ்சள் துணி, கல்வெட்டு எல்லாம்? நல்லது. முதலில் இட்லியைத் தின்று முடி. தின்னும்போது கேட்கிற கதை இல்லை இது.

முடித்தாயா? கை கழுவினாயா? சரி.

இந்த இழவுக்கெல்லாம் ஆரம்பம் ஒரு வாட்ஸப் குழு. ‘நம்ம சூளை, நம்ம நினைவுகள்’ என்று அதற்குப் பெயர். “மாமா, எங்கிட்ட சொல்ற கதையெல்லாம் அங்க போய் சொல்லுங்க, நான் கொஞ்சம் சமைக்கணும்” என்று என் மருமகள்தான் அதில் சேர்த்துவிட்டாள். போய்ப் பார்த்தால் இந்தச் சூளைப் பேட்டையில் குடியிருக்கிறவன் அதில் நான் ஒருத்தன்தான். மற்றவனெல்லாம் அண்ணா நகர், போரூர், துபாய், டெக்ஸாஸ். ஊரை விட்டு ஓடினவனெல்லாம் ஒன்றாகக் கூடிக்கொண்டு, ஓடாமல் கிடக்கிறவனுக்கு ஊர் எப்படி இருந்தது என்று பாடம் நடத்துகிறான்.

தினம் ஒரு பழைய படம் போடுவான்கள். குழாயடிப் படம் ஒன்று. ‘ஆகா, குடமும் கையுமாகக் கூடிப் பேசிய அன்புக் காலம்!’ அன்பாம். அந்தப் படத்தில் முன்னால் நிற்பவள் பின்னால் நிற்பவளின் மண்டையை அதே குடத்தால் பிளந்தாள். இரண்டு பேருமே என் அத்தைகள், எனக்குத் தெரியாதா? அடுத்த நாள் எருமைக் கொட்டில் படம். ‘சுத்தமான பால் குடித்து வளர்ந்தோம்.’ அந்தப் பால்காரன் எருமையைக் கறந்ததைவிடக் குழாயைக் கறந்ததுதான் அதிகம். அதற்குக் கீழே எவளோ எழுதுகிறாள், ‘அந்த மண்வாசனை இன்னும் நெஞ்சில் நிற்கிறது’ என்று. மண்வாசனையா? சாணி, சாக்கடை, மண்டியில் அழுகின வெங்காயம், அதற்கெல்லாம் மேலே இன்னொன்று. அந்த இன்னொன்றை ஒருத்தனும் எழுத மாட்டான். எழுதினால் சிவப்பு இதயம் போட முடியாதே!

தூ. எனக்குக் குமட்டும். ஆனாலும் விடாமல் பார்ப்பேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன்.

அந்த இன்னொன்றைச் சொல்கிறேன். இந்தப் பீப்பாய்க்காரன் சந்துக்கு அப்போது ஒரு முனையில் மண்டி, மறுமுனையில் கார்ப்பரேஷன் கக்கூஸ். இங்கே பாதி வீட்டில் கக்கூஸ் கிடையாது. பெரிய வீடு, சின்ன வீடு என்று பேதமில்லை, விடிந்தால் எல்லாரும் வாளியோடு அங்கே வரிசையில் நிற்பார்கள். கக்கூஸுக்கு முன்னால் மலத்தொட்டி. அதற்கு மேலே சிமெண்டில் ஆமை ஓடு மாதிரி ஒரு மூடி. பிறகு கக்கூஸை இடித்தார்கள். மூடியை இடிக்கப் போனவன் வாடை தாங்காமல் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போனான், திரும்பி வரவே இல்லை. மூடி அப்படியே நின்றுவிட்டது. அதோ, நீ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாயே, அதேதான்.

முகத்தைச் சுளிக்காதே. கேள்.

குழுவுக்கு அட்மின் வரதராஜுலு. இன்ஷூரன்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவன். என்னோடு ஒன்றாகப் படித்தவன். பதினாறு வயசில் அண்ணா நகர் போனவன் இன்றுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு நாள் அவன் ஒரு படம் போட்டான். தீபாவளிச் சட்டை, வகிடு எடுத்த தலை, சின்ன வரதராஜுலு அந்த மூடியின் மேல் ராஜா மாதிரி நிற்கிறான். ‘நான் நிற்கும் இந்த மேடை என்ன என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?’ என்று கேள்வி. ஒருத்தன் வெள்ளைக்காரன் கல்லறை என்கிறான். ஒருத்தி பேண்டு வாத்தியம் வாசிக்கிற மேடை என்கிறாள். மேடை!

உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த பவுனு தள்ளுவண்டிக் கடையில்தான், இதே இடத்தில் உட்கார்ந்து. அதோ, தோசைக் கரண்டியோடு நிற்கிறாளே, அவள்தான் பவுனு. எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தால்தான் போனில் எழுத்து வரும். ‘வரதராஜுலு, நீ நிற்பது’ என்று அடித்தேன். அதற்குள் அவன் என் பெயரைப் பார்த்துவிட்டு ‘துளசிங்கம் அவர்களே, தாங்கள் எந்த வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டான். என்னை! அவன் மூக்கைச் சிந்திவிட்டவனை! சரி, வாடா என்று என் விரல் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

‘அது யானை சமாதி’ என்று அடித்தேன்.

சர்க்கஸ் யானை, பெயர் மேரி. சென்ட்ரல் கூட்ஸ் ஷெட்டில் இறங்கி, கூடாரம் போட்ட இடத்துக்கு நடந்து போகிற வழியில் நம் சந்து முனையில் நின்றது. மண்டி வாசலில் இருந்த வெல்ல மூட்டையைச் சாக்கோடு தின்றது. குழாயடியில் தும்பிக்கையை வைத்து உறிஞ்சியதில் பெரம்பூர்வரை குழாயில் தண்ணீர் நின்றது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. தூக்க ஆளில்லை, கிரேன் சந்துக்குள் நுழையவில்லை. விழுந்த இடத்திலேயே குழி தோண்டினார்கள். சந்துப் பெண்கள் ஆளுக்கொரு புடவையைப் போர்த்தினார்கள். சர்க்கஸ் கோமாளி வேஷம் கலைக்காமலே வந்து அழுதான், கண்ணீரில் கரைந்த சாயம் சட்டை பூராவும். கோமாளியை அடிக்கும்போது நானே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் தம்பி. அவ்வளவு நன்றாக வந்துவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கும்பிடுகிற கை, அழுகிற மூஞ்சி, விளக்கு. பெங்களூரிலிருந்து ஒருத்தி, ‘அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறது’ என்கிறாள். துபாய்க்காரன், ‘அந்த வெல்ல மூட்டை எங்கள் தாத்தாவுடையது’ என்கிறான். வரதராஜுலு எழுதினான், ‘நான் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது.’ காதாம்! அந்தக் காதை நான் உண்டாக்கி இன்னும் டீ ஆறவில்லை, அதற்குள் தொட்டுவிட்டான். இப்படிக் கூச்சமில்லாமல் பொய் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். மனுஷனுக்குக் கொஞ்சமாவது நாணயம் வேண்டாமா?

அதோடு விட்டிருந்தாலும் சரி. ‘சமாதி இன்னும் இருக்கிறதா?’ என்று வரதராஜுலு கேட்டான். இருக்கிறது என்று ஒரு புத்தி கெட்டவன் எழுதினான். சரி, நான்தான் எழுதினேன். உடனே அவன் இங்குள்ள ஏழுமலைக்குப் போன் போட்டுவிட்டான். ஏழுமலையை ‘வட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள், கட்சியில் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதே, காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் ஒன்று. அவன் வந்தான், மூடியைச் சுற்றி வந்தான், செருப்பைக் கழற்றினான். பிறகு பவுனைப் பார்த்து, “எக்கா, வண்டிய எடுத்துடு. இங்க கோயில் வருது” என்றான்.

விளையாட்டு வினையானது இங்கேதான். புருஷன் செத்ததிலிருந்து பவுனு இந்த மூடிக்கு முட்டுக் கொடுத்துத்தான் வண்டியை நிறுத்துகிறாள். சந்து இங்கே சரிவு, வேறு எங்கே நிறுத்தினாலும் உருண்டு போய் டிரான்ஸ்பார்மரில் இடிக்கும். எதிர்ப்பக்கம் ஃப்ளாட், அவர்கள் வாசலில் கோலம் போடவே விடமாட்டார்கள். இங்கிருந்து போனால் அவளுக்குப் போக இடம் கிடையாது. எனக்கும் காலை ஆகாரம் கிடையாது, அது வேறு விஷயம்.

அவள் என்னிடம் வந்தாள். “நைனா, இந்தச் சந்துலயே பழைய ஆளு நீதான். அது இன்னா எடம்னு நீயே சொல்லிடு. நீ சொன்னா கேப்பாங்க.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். என் டிரங்குப் பெட்டியில் ஒரு படம் இருந்தது. இதோ, பையில்தான் வைத்திருக்கிறேன், பார். ஓரத்தைப் பிடி, முகத்தில் விரல் வைக்காதே. கக்கூஸை இடிக்கும் முன்னால் அரசாங்கத்துக்குக் காட்டுவதற்கென்று எடுத்த படம். எடுத்தவர் என் மச்சான், அக்கா புருஷன், ஸ்டுடியோவில் வேலை பார்த்தார், பிற்பாடு ஒரு காப்பியை எனக்குக் கொடுத்தார். மூடி தெரிகிறதா? பின்னால் கக்கூஸ், அதில் ‘ஆண்கள்’ என்று எழுதியிருக்கிறது. இந்த வரிசையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு டால்டா டின்னோடு நிற்கிறாரே, அவர் வரதராஜுலுவின் அப்பா. பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே சட்டை போட்டு, கீழே ஒன்றுமில்லாமல் நிற்பது யார் என்று நினைக்கிறாய்?

சுவரோரம் கூடையும் தகரமுமாக ஒரு அம்மாள் குனிந்திருக்கிறாள் பார். எங்கள் எல்லாருடையதையும் அள்ளினவள். அவள் பெயரை ஒருத்தனும் கேட்டதில்லை, அவள் படத்தை ஒருத்தனும் ‘நினைவுகள்’ என்று போட்டதில்லை. எனக்கும் அவள் பெயர் தெரியாது. போதும், படத்தைக் கவிழ்த்து வை.

இதைக் குழுவில் போட்டேன். ‘அது யானை இல்லை, கக்கூஸ் தொட்டி. யானை நான் கட்டின கதை’ என்று கீழே எழுதினேன். அப்புறம் டெக்ஸாஸ்காரன் எழுதினான், ‘இது ஏஐ-யில் செய்த போலிப் படம். நிழல் விழுகிற விதத்தைப் பாருங்கள்.’ பெங்களூர்க்காரி, ‘எங்கள் தெருவை இவ்வளவு கேவலமாகக் காட்ட இவருக்கு எப்படி மனசு வந்தது?’ என்றாள். யானை நிஜம், கக்கூஸ் போலி! குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

வரதராஜுலு போன் பண்ணினான்.

“துளசிங்கம், உனக்கு ஏண்டா இந்த வேலை? எங்கப்பாவை இழுத்து வச்சு அசிங்கப்படுத்துறியே.”

“நான் எங்கடா இழுத்தேன்? அவரே வரிசையில நிக்கிறாரு. அது உங்க வீட்டு டால்டா டின்னு, அடியில நசுங்கியிருக்கும் பாரு.”

“எங்க வீட்டுல தனியா கக்கூஸ் இருந்துச்சு.”

“செங்கல் இறக்கினதோட சரி. அந்தச் செங்கல்லதான் நாம ஸ்டம்ப் வச்சு கிரிக்கெட் ஆடினோம்.”

பிறகு மெதுவாக, “என் பேரப்பசங்க அந்தக் குழுவுல இருக்காங்கடா” என்றான். வைத்துவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழுமலை ஆட்களோடு வந்தான். பவுனு வண்டியை ஏற்றிப் போக ஒரு குட்டி யானை வேறு. லாரி தம்பி, அந்தச் சின்ன லாரி. நிஜ யானை என்று நினைத்துவிடாதே, இந்தச் சந்தில் உனக்கு எதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது.

“எக்கா, போன வாரமே சொன்னேன்ல? அடுப்ப அணை.”

“சாமி எப்ப வந்துச்சு தம்பி இங்க? முந்தாநாள் நீயே இது மேல கால வச்சினு வடகறி துன்னே.”

“அது தெரியாம வச்சது. இப்பத் தெரிஞ்சிடிச்சி இல்ல?”

நான் நடுவில் போய் நின்றேன். “டேய் ஏழுமலை, இது சாமியும் இல்ல, சமாதியும் இல்ல. கக்கூஸ் தொட்டி. உங்கப்பன் குந்தின எடம்!”

“பெருசு, வயசுக்கு மரியாத குடுக்கறேன், வாயக் கழுவு.”

“யானையே கிடையாதுடா! நான் விட்ட புருடா!”

கூட்டத்தில் எவனோ பின்னாலிருந்து, “துளசிங்கம் இல்லேன்றாரா? அப்போ கண்டிப்பா யான கீது!” என்றான். சந்தே சிரித்தது. எழுபது வயசுக்கு மேல் முதல்முறையாக நடுத்தெருவில் நின்று உண்மை பேசுகிறேன், சிரிக்கிறார்கள்! இப்படிப்பட்ட ஜனங்களோடு என்னத்தைக் குப்பை கொட்டுவது?

ஏழுமலையின் ஆள் கேஸ் சிலிண்டரில் கை வைத்தான்.

அப்போது பவுனு இட்லிக் குண்டானைத் திறந்தாள். ஆவி பறக்க நாலைந்து இட்லியை வாழையிலையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடியின் முன்னால் மண்டி போட்டாள். இலையை அதன் மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

“அலமேலு! எங்கம்மா அலமேலு!”

யாருடா அலமேலு என்று நான் முழிக்கிறேன்.

“உனக்குக் கடைசி வாய் இட்லி ஊட்டுனது எங்க மாமியாராச்சே! நீ அது மடியில தும்பிக்கைய வச்சினு கண்ண மூடினியே! உன்னாண்ட அடுப்பு அணையக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினு செத்துச்சே! இப்ப அணைக்கச் சொல்றாங்களே, நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு!”

சிலிண்டரில் இருந்த கை தானாக எழுந்து கும்பிட்டது. ஏழுமலை வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அதற்குள்ளே அண்ணா நகரில் உட்கார்ந்திருந்த வரதராஜுலு, “ஆமாம், ஆமாம், அந்தம்மா! எனக்கு ஞாபகம் இருக்கு! ஈயப் பாத்திரம் வச்சிருப்பாங்க!” என்று தேம்பினான்.

பவுனு குடும்பமே தொண்ணூறுக்கு அப்புறம் திண்டிவனத்திலிருந்து வந்தது தம்பி! அந்த மாமியார் யானையைத் தீப்பெட்டிப் படத்தில் பார்த்திருந்தால் உண்டு.

அவ்வளவுதான். வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. கோயிலுக்கு முதல் படையல் இனிமேல் பவுனு கை இட்லிதான் என்று ஏழுமலையே அறிவித்தான். கல்வெட்டு வந்தது, ‘இவ்வரலாற்றைக் கண்டெடுத்தவர் திரு. வரதராஜுலு’ என்று. கண்டெடுத்தாராம்! சிமெண்ட் பூச மூடியைக் கொஞ்சம் கொத்தினபோது வாடை வந்தது. கொத்தனார் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டான். பன்னீர் தெளித்தார்கள். எவனோ ‘யானை வாசனை, யானை வாசனை’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன், நிஜமாகவே எடுத்தேன்.

மத்தியானம் பவுனு குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தபோது போய்ப் பிடித்தேன். “ஏம்மா, இப்படி ஒரு பொய்யைச் சொல்ல உனக்கு வாய் கூசலையா? இதுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

அவள் நிமிராமல் தேய்த்தாள். “எனக்கா தெரியாது? மழ பேஞ்சா மூக்க மூடினு இட்லி அவிக்கறது யாரு, நீயா?”

“அப்போ யானை?”

“நீ கட்டுன கதைன்னும் தெரியும். எம்மாம் பெரிய கண்ணு வச்சினு போன்ல அடிச்சே, சத்தமா சொல்லிச் சொல்லி? கோமாளி வந்தப்ப எனக்கே அழுவ வந்திச்சி. மாவு கரைச்சினே கேட்டுனு இருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட வந்து உண்மையைச் சொல்லச் சொன்னே?”

“ஒரு தபா சொல்லிப் பாக்கலாம்னுதான். சொன்னே. எவனாச்சும் வண்டிய உட்டானா?” குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். “நைனா, இத்தினி வருசத்துல போலீசு வண்டிய எட்டி ஒதைக்காத மாசம் இதுதான். தூரப் போயி ஒக்காரு, தண்ணி தெறிக்கும்.”

எப்படிப் பேசுகிறாள் பார். இப்படி அடிக்கிற பொய்க்காரி கையால் தினம் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எவ்வளவு அருவருப்பு தெரியுமா? அதுவும் மேரியை அலமேலு ஆக்கிவிட்டாள். கோமாளியை விட்டேவிட்டாள். வருகிறவர்களிடம் தினம் சொல்கிறாள், தினம் ஒன்று கூடுகிறது. நேற்று யானைக்கு ஒரு குட்டி வேறு இருந்ததாம். என் கதையில் குட்டி கிடையாது! ஒருத்தர் கதையை எடுத்து இன்னொருத்தர் இப்படி இஷ்டத்துக்கு நீட்டலாமா?

அதனால்தான் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நீ எழுதுகிறவன், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதெல்லாம் யாருடைய மண்டையில் பிறந்தது என்று ஒரு இடத்திலாவது அச்சில் வர வேண்டாமா? இந்தப் படத்தை எடுத்துக்கொள். வெளிச்சத்துக்குத் திருப்பு, மூடி நன்றாகத் தெரியட்டும். ‘ஆண்கள்’ என்ற எழுத்தும் விழட்டும். ஊர் பூராவும் பார்க்கட்டும், மூஞ்சியில் கரி பூசின மாதிரி…

இரு. அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள்.

“இன்னா நைனா, அந்தத் தம்பியாண்ட இன்னா சொல்லினு கீறே?”

“யானைக் கதைதாம்மா! அலமேலு கதை!”

“குட்டியச் சொன்னியா?”

“சொன்னேன், சொன்னேன்!”

படத்தைக் கொடு. கொடு என்கிறேன். காமிராவை மூடு. எடுத்துவிட்டாயா? எடுத்திருந்தால் அழித்துவிடு, இப்போதே, என் கண் முன்னால். இது அச்சில் வந்தால் மறுநாள் காலையில் ஏழுமலை வருவான். இந்தத் தடவை அழுதால் நடக்காது. அவள் வண்டி எங்கே நிற்கும், சொல்லு பார்ப்போம்? உன் வீட்டு வாசலிலா?

அழித்தாயா? காட்டு. ஆ, சரி.

எழுதித்தான் தீருவேன் என்றால் யானையை எழுது, இட்லியை எழுது. இந்த இன்னொன்று உன் வயிற்றோடு போகட்டும். வாய் தவறி எங்கேயாவது வந்துவிட்டால், யார் சொன்னது என்று கேட்பார்கள், அப்போது என் பெயரைச் சொல்லிவிடாதே தம்பி, உனக்குப் புண்ணியமாகப் போகும். யாரோ ஒரு கிழவன் சொன்னான், பெயர் கேட்கவில்லை, சொல்லி முடித்த கையோடு செத்தும் போய்விட்டான், நானே தோள் கொடுத்தேன் என்று சொல்லிவிடு.